பச்சை நுனித் தீ

1966 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட ஒரு காய்ந்த சுள்ளிகூட இல்லை. நாளையும் கிழமையையும் நினைவிலிருந்து சொல்லவில்லை. பள்ளி இறுதி வகுப்பு முடித்த ஆண்டிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை பெய்தது, விட்டது, வந்தவர், போனவர், படித்த புத்தகம், வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று நாளுக்கு ஐந்தாறு வரி. கண்ணால் பார்த்ததையும் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டும் எழுதுவது என்று ஒரு விதி வைத்திருந்தேன். அந்த விதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நெய்வேலி நகரியத்தில் இரண்டு அறையும் பின்பக்கம் ஒரு சமையலறையும் உள்ள குவார்ட்டர்ஸ் எங்களுடையது. நான், என் மனைவி, நாலரை வயது மகள். சுரங்கத்தில் எடுக்கும் பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டுச் செய்த கரிக்கட்டிகள் அப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒருமுறை பிடித்துக்கொண்டால் புகையில்லாமல் நின்று எரியும். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாவற்றையும் தாங்கும். பிடிக்கவைப்பதுதான் பெரும்பாடு. கீழே சவுக்குச் சுள்ளியோ தென்னம்பாளையோ நன்றாகக் கனன்றால்தான் கட்டி சிவக்கும். ஈரச் சுள்ளியை ஊதி ஊதி அந்த ஒரு வாரத்தில் என் மனைவிக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

நான் சுரங்கத்தின் மின்பழுதுப் பிரிவில் ஸ்டோர்ஸ் கிளார்க். அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் ரப்பர் போட்டு நூல் பின்னிய கறுப்பு ஒயர். அந்த ஆண்டு சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல் என்று பிளாஸ்டிக் உறை போட்ட புது ஒயர் உருளை உருளையாக வந்து இறங்கியது. உருளையின் பக்கப் பலகையில் பி.வி.சி. என்று மூன்று எழுத்து அச்சிட்டிருக்கும். அந்த மூன்று எழுத்தையும் பதிவேட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. அவற்றுக்கு என்ன பொருள் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒயர்மேன்கள் கத்தியால் உறையைச் சீவி எறிவார்கள். கொட்டகைக்குப் பின்னால் அது வண்ண வண்ணமாகக் குவிந்து கிடக்கும். ஒயர் தோல் என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் சாப்பிடாமல் வந்ததைப் பார்த்த வயதான ஒயர்மேன் ஒருவர், பண்ருட்டிப் பக்கத்துக்காரர், சிரித்தார்.

“இன்னா சார், உங்க வூட்லயும் அடுப்பு அழுவுதா? ரெண்டு புடி தோல எடுத்துக்கினு போங்க. சீமெண்ணெயில ஒரு முக்கு முக்கிக் கட்டிக்கு அடியில சொருவுங்க. குப்புனு புடிச்சிக்கும். எங்க லைன்ல இப்ப எல்லாரும் அதான்.”

“எரியுமா அது?”

“ஸ்டோர்ஸ்காரருக்கே சரக்கோட கொணத்தச் சொல்லித் தரணுமாங்க?”

குப்பைதானே என்று ஃபோர்மனும் கேட் காவலரும் விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுப் பையில் இரண்டு பிடி கொண்டுவந்தேன். அன்று மாலை நானேதான் மூட்டினேன். கறுப்புப் புகை ஒரு கணம் திரண்டது, பிறகு தீ எழுந்தது. அதன் ஓரங்கள் பச்சையாக இருந்தன. மாங்கொழுந்துப் பச்சை இல்லை, மயில் கழுத்தில் வெயில் பட்டால் தெரியுமே, அந்தப் பச்சை. உறையில் ஒட்டியிருந்த செம்பு இழைகள் இருக்கும் இடத்தில்தான் அந்த நிறம் வந்தது. மகள் கைதட்டினாள். “அப்பா, இன்னொண்ணு போடு!” கரிக்கட்டி சீக்கிரமே சிவந்துவிட்டது. என் மனைவி முகம் துடைத்துக்கொண்டு, “இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?” என்றாள். “அடுப்பு மூட்ட ஒயர் தோல் கண்டோம். வேலை எளிது. பச்சைச் சுடர், காண அழகு” என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மறுநாளே அடுத்த வீட்டார் வந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பச்சைத் தீ. மழை விட்ட பிறகும் நான் வாரம் ஒரு பை தோல் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தயிர் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் கூலிக்குப் பாடுபட்ட நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் காண்ட்ராக்டில் மண் வேலைக்குப் போனார். காலையில் பின்வாசலில் பானையை இறக்கியதும் அவளுக்குப் பேச்சு வேண்டும். அடுப்பைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாம்மா கொளுத்துறீங்க? வூடு பூரா டயர் எரிஞ்ச வாட அடிக்குது. பச்ச நெருப்ப நான் கண்டதே இல்ல. பேயி வந்து ஒல வச்சிருக்குதா?”

“சும்மா இருங்க. நீங்க முந்திரி ஓடு போட்டு எரிக்கலையா? அது மட்டும் மணக்குமா?” என்றாள் என் மனைவி.

“முந்திரி ஓட்டுப் பொக கண்ணத் தொறக்க வுடாது, தோல உரிச்சிடும். ஆனா அது நமக்குத் தெரிஞ்ச பொகை. தள்ளி நிக்கணும்னு கொயந்தைக்கும் தெரியும். இத யாரு கண்டா?”

நான் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது நன்றாக இருக்கிறதென்று அன்றிரவு அதை அப்படியே எழுதி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அந்த மார்கழியில் என் மனைவிக்கு இருமல் வந்தது. பனி என்றோம். மாசியிலும் போகவில்லை. அடுத்த ஆனியில், 1967இல், அவளுக்குத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஆறு ஆண்டுகள் மனுப் போட்டுப் போட்டு வந்த வேலை, அதுவும் தற்காலிகம். ஒன்றாம் வகுப்பு. இரண்டு பருத்திப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள். மாலையில் நோட்டுகளைக் கட்டாகத் தூக்கி வந்து சிவப்புப் பென்சிலால் திருத்துவாள். இருமல் அதிகமானபோது சாக்பீஸ் தூசி என்றோம். காரணங்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சாம்பல் பறந்தது, கரித்தூள் பறந்தது, துவைத்த வேட்டி கொடியிலேயே கறுத்தது.

அந்த ஆண்டு மார்கழியில் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, பெர்மனென்ட் ஆக்கப் பெயர் போயிருக்கிறது என்று சொல்லி, உடல்தகுதிச் சான்று மட்டும் வாங்கி வரச் சொன்னார். அன்று மாலை அவள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். உண்மையிலேயே ஓடி வந்தாள்; வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

பண்ருட்டி டாக்டர் ஒருவரிடம் சான்றுக்காகப் போனோம். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். அவள் பாதியில் இருமினாள்.

“க்ஷயம் இல்லை, பயப்படாதீங்க. ஆனா மூச்சுக் குழாய் ரெண்டும் புண்ணா இருக்கு. இப்ப நான் கையெழுத்துப் போட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ஆறு மாசம் கழிச்சு வாங்க. தூசி, புகை, பனி மூணுக்கும் தள்ளி இருங்க.”

“புகையா? எங்க வீட்ல கரிக்கட்டி அடுப்பு டாக்டர். புகையே கிடையாது” என்றாள் அவள். நானும் தலையாட்டினேன். மனதறிந்து மறைக்கவில்லை. மூட்டுகிற அந்தக் கால்மணி நேரம் எங்கள் இருவர் கணக்கிலும் புகையாகப் படவே இல்லை.

பள்ளியில் அந்த ஆறு மாதமும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆடிக்குள் சான்று வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

நான் படிக்கிறவன். கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பவன். 1968 தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நூலகத்தில் வேறெதையோ தேடப் போய்க் கல்லூரி மாணவர்களுக்கான வேதியியல் பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பொருளில் குளோரின் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறை அதில் இருந்தது. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பொருளைத் தொட்டு மீண்டும் தீயில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். நான் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து புத்தகத்தின் கடைசியில் இருந்த சொற்பட்டியலில் அந்த மூன்று எழுத்துகளைத் தேடினேன். பாலிவினைல் குளோரைடு. கடைசி எழுத்துக்குப் பின்னால் குளோரின் இருந்தது. முதல் உலகப்போரில் குழிகளில் பதுங்கியிருந்த சிப்பாய்கள்மேல் விட்ட வாயு அதுதான் என்று முன்பே ஒரு சரித்திரப் புத்தகத்தில் படித்திருந்தேன். எரித்தால் வருவது அந்த வாயுவே அல்ல, அதிலிருந்து பிறக்கும் அமிலப் புகை, தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கக் கூடியது என்று பாடப்புத்தகம் சொன்னது. அந்த உறையை வளையச் செய்யச் சில எண்ணெய்களைக் கலக்கிறார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. தோலை அள்ளி எடுத்த நாட்களில் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு ஞாபகம் வந்தது. அந்த எண்ணெய் எரிந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் இல்லை.

வீட்டுக்குச் சைக்கிளில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். அவள் வாசலில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வந்தது இது:

“இனிமே ஒயர் தோல் கொண்டுவர முடியாது. ஸ்டோர்ஸ்ல தடை போட்டுட்டாங்க.”

“அடடா. கடைசியில குப்பைக்கும் தடையா?” என்றாள், நோட்டிலிருந்து தலையெடுக்காமல்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்கு அன்று எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. உறுதியாகத் தெரியாததை எழுதுவதில்லை, சொல்வதும் இல்லை. எந்த டாக்டரும் சொல்லாததை நான் சொல்லி அவளை ஏன் கலங்கடிக்க வேண்டும்? நிறுத்திவிட்டால் போதாதா? அந்தப் பதிலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. கொண்டுவந்தவன் நான். அன்றைய குறிப்பு: “இன்றோடு ஒயர் தோல் நிறுத்தம்.” அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

அதே மாதம் எங்கள் ஸ்டோர்ஸை முதல் ஷிப்டோடு திறக்கத் தொடங்கினார்கள். விடியுமுன் நான் சைக்கிளை எடுத்துவிடுவேன். காலைச் சாப்பாடு கேண்டீனில். நான் போன பிறகுதான் அவள் அடுப்பு மூட்டுவாள். என் வார விடுமுறை ஞாயிறு. அன்று பள்ளியும் இல்லை, அவசரமும் இல்லை. நிதானமாகச் சுள்ளியில் மூட்டுவாள்.

அவளே தனக்கொரு பரீட்சை வைத்துக்கொண்டாள். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த நாளில் பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரை ஒரே மூச்சில் போவாளாம். மாசி முதல் ஞாயிறு ஆறு பதினாறு தொண்ணூற்றாறில் நின்றது. பங்குனியிலும் அதே ஆறு, ஒருநாள் ஏழு. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா ஃபெயில்!” என்று கத்துவாள். “ஆடியில பாரு, அம்மா பாஸ்” என்பாள் இவள். மூச்சு எந்த வரியில் அறுந்தது என்று ஞாயிறுதோறும் குறித்து வந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து அதையும் எழுதினேன். “ஒயர் தோல் நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருமலில் மாற்றம் இல்லை. ஆகவே காரணம் அதுவன்று.” எழுதி முடித்ததும் மனசு லேசானது. அந்த லேசை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அதன்பின் அவளிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சித்திரையில் பள்ளி விடுமுறை. வைகாசி இரண்டாம் ஞாயிறு அவள் பதினான்கு பதினாறு வரை போனாள். அதற்கடுத்த ஞாயிறு முழுதும் சொன்னாள். இருநூற்று ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று தானே கைதட்டிக்கொண்டாள். ஓய்வும் நல்ல வெயிலும் கைகொடுத்தன என்று எழுதினேன். ஆனியில் பள்ளி திறந்தது. ஆனிக் கடைசியில் எட்டு. ஆடி முதல் ஞாயிறு ஐந்து. சாக்பீஸ் என்று எழுதினேன்.

ஆடி இரண்டாம் புதன்கிழமை பண்ருட்டிக்குப் போனோம். பஸ்ஸில் அவள் மூச்சைச் சேமித்து வைப்பதுபோல உட்கார்ந்து வந்தாள். டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “போன தடவையைவிட மோசம்மா. வேலைய விட்ருங்க” என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் பலாப்பழ மண்டி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள், “பிள்ளைங்க நோட்டு இருபத்தொண்ணு நம்ம வீட்ல இருக்கு. திருத்திக் கொடுத்துட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன்” என்றாள்.

மறுநாள் நான் லீவு போட்டேன். அவளும் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் சுள்ளி வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். தயிர்க்கார அம்மாள் பானையை இறக்கினாள். முந்தின நாள் சங்கதி அவளுக்குத் தெரியாது.

“இன்னா டீச்சரம்மா, சார் வூட்ல இருக்கிறாருன்னு பச்ச நெருப்புக்கும் லீவு வுட்டாச்சா?”

என் மனைவி லேசாகச் சிரித்தாள். நான் பின்வாசலுக்கு வந்தேன்.

“எந்தப் பச்சை நெருப்பு?”

“தெனம் எரிக்கிறதுதாங்க. வாடையிலயே எனக்கு வூடு தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, தயிரை ஊற்றிவிட்டு அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

என் மனைவி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னை இழுத்து வைத்தாள். மூடியைத் திறந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக, விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கிய சிவப்பு, மஞ்சள், நீலத் துண்டுகள்.

“நீங்க கொண்டுவந்ததுதான். தடைன்னு சொன்னீங்களே, இனிமே கிடைக்காதேன்னு சேத்து வச்சிருந்ததை நறுக்கிப் போட்டு வச்சேன். ஸ்கூல் நாள் மட்டும்தான். நாலு துண்டு போட்டா போதும், எட்டு மணிக்குள்ள சோறு ஆயிடும். ஏங்க, எடுத்துட்டு வரக் கூடாதுன்னுதானே தடை? எரிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?”

அப்போது சொன்னேன். நூலகம், செம்புக் கம்பி, மூன்று எழுத்து, எல்லாவற்றையும். உறுதியில்லை என்பதையும் இரண்டு மூன்று முறை சொன்னேன். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எப்பத்திலேருந்து தெரியும்?”

“தை மாசம். ரெண்டாவது சனிக்கிழமை.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். தேதி கேட்டால் எனக்குத் தடுமாறத் தெரியாது. அவள் கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்தி எண்ணினாள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. வைகாசிக்குத் திரும்பி வந்து அந்தக் கணுவிலேயே விரலை வைத்துக்கொண்டு, “லீவு மாசத்துல எரிக்கலை” என்றாள். எனக்குச் சாதகமாகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு முழுதாக வந்த ஞாயிறு இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் சாக்பீஸும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையும்கூட. சொல்லாமல் விட்டேன்.

டின்னை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. எரிக்கவும் கூடாது; மண்ணில் புதைத்தாலும் அது மட்காது என்று படித்திருந்தேன். கடைசியில் அன்று மாலை சைக்கிளில் கட்டி எடுத்துப் போய், கொட்டகைக்குப் பின்னால் அது வந்த குவியலிலேயே கொட்டிவிட்டு வந்தேன். ஒயர்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். “அப்பிடியாங்க?” என்றார். எங்கள் வரிசையில் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் விட்டார்கள். சிலர் அடுத்த மழைக்கும் எரித்தார்கள்.

திரும்பி வந்தபோது அவள் இருபத்தொரு நோட்டுகளையும் திருத்தி அடுக்கிவிட்டு, மேசையில் என் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. “இன்றோடு ஒயர் தோல் நிறுத்தம்” என்ற வரியைக் கண்டுபிடித்திருந்தாள். சிவப்புப் பென்சிலால் அதை நேராக அடித்து, ஓரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுகிற முழு எழுத்தில், “தவறு. ஆடி, இரண்டாம் வியாழன்” என்று எழுதினாள். பங்குனிப் பக்கத்துக்கும் போனாள். “ஆகவே காரணம் அதுவன்று” என்பதன் அடியில் பென்சிலை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் எடுத்துவிட்டாள்.

அவள் மறுபடி எந்தப் பள்ளிக்கும் மனுப் போடவில்லை. இப்போது செய்தித்தாளில் அவ்வப்போது பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள், சூடானதை அதில் ஊற்றாதீர்கள், அதை இளக்கச் சேர்க்கும் பொருள்கள் உடம்புக்கு ஆகாது என்று வருகிறது. வெட்டி வைக்கிறேன். அவளுக்கு நேர்ந்ததற்கு அதுதான் காரணமா என்று அவற்றில் எதுவும் சொல்லாது. அவள் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பங்குனிப் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.